ஹேவாஹெட்டயிலிருந்து நாகூருக்கு, கடல் வழியாக



கொஞ்சம் நீளமான பதிவு. கடலால் இந்தியா போக நினைப்பவர்கள், அதிலும் வயதான உம்மா வாப்பாவைக் கூட்டிப் போக நினைப்பவர்கள், நேரம் எடுத்து வாசியுங்கள்.

சென்ற மாதம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வீடியோ சுற்றியது. நோர்வே நாட்டில், இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் கண்ணாடி மாதிரி தண்ணீர், அதற்குள் ஒரு பெரிய கப்பல். "டீச்சர், நீங்க ரெண்டு பேரும்தான் கப்பல்ல போய் வந்தவங்க. இதுக்கு எப்படி பிளான் பண்றது?" என்று ஒரு தம்பி கேட்டார். சிரித்துவிட்டோம். அந்தக் கப்பலில் ஒரு கெபினுக்குச் சொல்லும் விலையை இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்குப் பாடமே மறந்துபோகும். போனாலும் தொழுகைக்கு என்ன செய்வது? அங்கே வடக்கில் துரும்சோ பக்கம் மே 20 அளவிலிருந்து ஜூலை 22 வரை சூரியன் மறைவதே இல்லை. மஃரிப் எப்போது என்று எந்தப் பள்ளிவாசலில் போய்க் கேட்பது?

ஆனால் தேடிப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடித்தது. இன்று உல்லாசப் பயணிகள் காசைக் கொட்டிப் போகும் அந்த நோர்வேக் கரையோரக் கப்பல் 1893இல் தொடங்கியபோது தபால் கப்பல். ஊரூராகத் தபாலும் சாமானும் ஆட்களும் ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தது. 1914இல் தொடங்கிய போட் மெயில். கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு மறுபடி ரயில். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகும் ராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. எண்பதுகளில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. பிறகு கிட்டத்தட்ட நாற்பது வருஷம், 2011இல் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் சில மாதம் ஓடி நின்ற ஒரு கப்பலைத் தவிர, எங்களுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஆட்களை ஏற்றும் கப்பல் இருக்கவில்லை.

இப்போது ஓடுவது காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'சேரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கி, மாரி காரணமாகச் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. சுமார் 150 பேர் போகலாம். தூரம் 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீற்றர். கடல் நல்லாயிருந்தால் நாலு மணித்தியாலம். குரூஸ் என்று நினைத்து யாரும் போகாதீர்கள். நீச்சல் தடாகமும் இல்லை, பாட்டுக் கச்சேரியும் இல்லை. உண்மையான குரூஸ் வேண்டுமென்றால் 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற சொகுசுக் கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோனது. அது வேறு கதை. இது பஸ்ஸில் போகிற மாதிரி இருந்து போகும் கப்பல். பஸ் கடலில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நாங்கள் போனது 2025 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் கழித்து. மூன்று பேர். நாங்கள் இருவர், கூட எங்களில் ஒருவரின் உம்மா, மற்றவருக்கு மாமி. உம்மாவுக்கு 76 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தது, பிரஷர். எங்கள் மூத்தவன் எட்டு மாதக் குழந்தையாக நிமோனியாவில் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உம்மா நாகூருக்கு நேர்ச்சை வைத்திருக்கிறார். அவனுக்கு இப்போது 22 வயது. உம்மா ஒவ்வொரு வருஷமும் ஒரு தடவை ஞாபகப்படுத்துவார், நாங்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் சொல்வோம். காசு, லீவு, கொரோனா, 2022இன் பெற்றோல் வரிசை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: தர்காவுக்கு நேர்ச்சை வைப்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து இல்லை. வீட்டில் அந்த வாதம் நடந்து முடிந்தது. உம்மாவின் காலும் காலமும் எங்கள் வாதம் முடியும் வரை காத்திருக்காது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அதனால் தயவுசெய்து கீழே அதைத் தொடங்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றிலும் முதலாவது, நாள் குறிப்பது. நாங்கள் ஆசிரியர்கள், தவணை லீவைப் பார்த்து நாள் குறித்தே பழக்கம். இந்தக் கடல் லீவு பார்க்காது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக எழும். அந்த நோர்வே வீடியோவில் தண்ணீர் அசையாமல் கிடந்ததற்குக் காரணம் இரண்டு பக்கமும் மலை காற்றை மறைப்பது. எங்கள் கடலில் மறைக்க ஒரு மேடும் இல்லை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்று, மழை, தாழமுக்கம். 2024 நவம்பரில் நின்ற கப்பல் 2025 பெப்ரவரி கடைசியில்தான் மறுபடி ஓடியது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சோளகக் காற்று; கப்பல் ஓடும், ஆனால் ஆட்டும், சில நாள் போகாமலும் விடும். மார்ச்சும் ஏப்ரலும்தான் எங்களைப் போன்ற மலைநாட்டு வயிற்றுக்கு ஏற்ற மாதங்கள். அடுத்தது செப்டம்பர் கடைசியில் கிடைக்கும் சிறு இடைவெளி.

நாகூர் கந்தூரிக்குக் கப்பலில் போகலாமா என்று கேட்டு நிறையப் பேர் செய்தி அனுப்புகிறீர்கள். கந்தூரி ஜமாதுல் ஆகிர் பிறையோடு தொடங்குவது. 2025இல் அது வந்தது நவம்பர் 22 அளவில், நடு மாரி. பிறை மாதங்கள் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். அந்தக் கணக்கில் 2026இல் நவம்பர் 11 அளவில், 2027இல் ஒக்டோபர் கடைசியில், 2028இல் ஒக்டோபர் 20 அளவில், 2029இல் ஒக்டோபர் 9 அளவில், 2030இல்தான் செப்டம்பர் கடைசி. கந்தூரியும் அமைதியான கடலும் ஒன்றாக வருவது 2030இல்தான் என்று அர்த்தம். உம்மாவுக்கும் கொடியேற்றம் பார்க்கத்தான் ஆசை. கலண்டரை விரித்து வைத்து இந்தக் கணக்கைக் காட்டினோம். உம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ரெண்டாயிரத்து முப்பதுக்கு நான் எங்கயோ, எப்படியோ. இப்பவே போவம்" என்றார். கந்தூரிக்கே போக வேண்டியவர்கள் கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ரோட்டால் போங்கள்.

விமானமா கப்பலா என்பதற்கும் ஒளிக்காமல் பதில் சொல்கிறோம். நேரத்தில் விமானம்தான் வெல்லும். கொழும்பு திருச்சி ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பிறகு நாகூருக்கு வாகனத்தில் மூன்றரை நாலு மணித்தியாலம். 2025 மார்ச் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்தே திருச்சிக்கு விமானம் தொடங்கியது. கப்பல் டிக்கட் மலிவுதான். ஆனால் ஹேவாஹெட்டயிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் செலவு, போக ஒரு இரவும் வர ஒரு இரவும் யாழ்ப்பாணத்தில் தங்கும் செலவு, கப்பல் பிந்தினால் வரும் செலவு எல்லாம் கூட்டினால் மிச்சம் பெரிதாக இல்லை. மலிவு என்பதற்காக மட்டும் கப்பலைத் தெரிவு செய்யாதீர்கள். நாங்கள் தெரிவு செய்தது உம்மாவால். "நாகூர் நாயகம் கடலோடிகள்ட காவல். கடலால போனாத்தான் எனக்குப் போன மாதிரி. பிளேன்ல போய் இறங்கினா அது சும்மா ஊரு பார்க்கிறது" என்றுவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஷாஹுல் ஹமீது நாயகம் 16ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்தவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் கரையில் இருந்தபடியே கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்ற கதையை உம்மா எங்களுக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறார். கடலோடிகள் அவர் பெயரைக் கொண்டுபோன இடமெல்லாம் ஒரு தர்கா முளைத்தது. சிங்கப்பூரில் இருக்கிறது, பினாங்கில் இருக்கிறது. எங்கள் நாட்டில் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் இன்றும் அவர் பேரில் கொடியேறுகிறது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒரு விசேஷ குறிப்பு. பாடசாலை லீவுக் காலமாக இருந்தாலும் நாட்டை விட்டுப் போவதற்கு வெளிநாட்டு லீவு அனுமதி வேண்டும். பொது 126 படிவம். அதிபர் கையெழுத்து, வலயக் கல்விப் பணிமனை என்று போய் வர நாளாகும். குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் கொடுங்கள். படிவத்தில் திரும்பி வரும் திகதிக்கு மேலாக இரண்டு நாள் கூட்டிப் போடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

பாஸ்போட்டில் ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். இந்திய வீசா எடுக்கும்போது, அந்த வீசாவோடு நாகப்பட்டினத் துறைமுகத்தால் உள்ளே போகலாமா என்பதை டிக்கட்டுக்குக் காசு கட்டும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எல்லா வகை வீசாவும் எல்லா வாசலுக்கும் செல்லாது. ஒன்லைன் வீசாவுக்கு அரசாங்கத் தளம் மாதிரியே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் நிறைய. முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கப்பல் கட்டணமும் சாமான் நிறையும் இந்தக் குறுகிய காலத்திலேயே மாறி மாறி வந்திருக்கின்றன. அதனால் நாங்கள் கட்டிய தொகையை இங்கே போடவில்லை. போகும் வாரத்தில் கேளுங்கள். வீட்டிலேயே தராசில் நிறுத்துக் கொண்டு போங்கள், வரும்போது கூடும் நிறைக்கு இடம் விட்டு.

ஹேவாஹெட்டயிலிருந்து போகிறவர்களுக்குக் கடலை விடப் பெரிய பரீட்சை தலாத்துஓயா ரோட்டு வளைவுகள். உம்மா பயணம் முழுவதிலும் வாந்தி எடுத்தது அங்கேதான், கண்டி வருவதற்கு முன்னாலேயே! கண்டியிலிருந்து ஏ9 ரோட்டில் யாழ்ப்பாணம் 321 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய் அப்படியே கப்பல் ஏறலாம் என்று இளசுகள் சொல்வார்கள். வயதானவர்களோடு அது வேண்டாம். பகலில் போய் ஒரு இரவு யாழ்ப்பாணத்தில் படுங்கள். நாங்கள் ஐந்து சந்திப் பக்கம் தங்கினோம். பள்ளிவாசலும் கிட்ட, சாப்பாட்டுக்கும் பிரச்சினையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்ட ஊர் அது. சுபஹுக்குப் போன பள்ளியில் எங்கள் பக்கத்தில் நின்ற பெரியவர் புத்தளத்தில் 20 வருஷத்துக்கு மேல் இருந்து திரும்பி வந்தவர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "காங்கேசன்துறையால கப்பல்ல போற காலமும் வந்துட்டு" என்று கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கப்பல் நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: அதே கப்பல்தான் காலையில் நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்து, பின்னேரம் திரும்பிப் போகும். ஆகவே காலையில் அந்தப் பக்கம் புறப்பட்டதா என்பதைக் கேட்டறியாமல் ஹோட்டல் அறையைக் காலி செய்யாதீர்கள். அங்கே கிளம்பவில்லையென்றால் இங்கே உங்களுக்குக் கப்பல் இல்லை. லுஹரையும் அஸரையும் பயணிக்குரிய சலுகைப்படி சுருக்கிச் சேர்த்து ஏறுவதற்கு முன்னாலேயே தொழுதுவிட்டோம். ஆடும் கப்பலில் உம்மாவை வுழூ செய்யக் கூட்டிப் போவது நடக்கிற காரியமில்லை. இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே மணிக்கூடு, தொழுகை நேரமும் சில நிமிஷ வித்தியாசம்தான். நோர்வேக்காரரின் கவலை நமக்கு இல்லை.

கடல் மயக்கத்துக்கு நாங்கள் செய்தது: காலையில் இடியப்பமும் சொதியும் மட்டும், அதுவும் அரை வயிறு. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கப்பலின் நடுப் பகுதியில் இருக்கை கேளுங்கள். முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். இஞ்சி நல்லது. குளிசை போடுவதென்றால் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணித்தியாலத்துக்கு முன்னாலாவது போட வேண்டும். வயதானவர்களுக்கு, முக்கியமாக பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். சில குளிசைகள் தூக்கக் கலக்கத்தில் ஆளை விழுத்திவிடும். எங்கள் டொக்டர் உம்மாவுக்கு வேண்டாம் என்றார். உம்மா தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு நாலு மணித்தியாலமும் அசையாமல் இருந்தார். மயங்கிக் கிடந்தது நாங்கள் இருவரும்தான்.

காங்கேசன்துறைக் கரை மறையும்போது உம்மா எங்கள் பக்கத்து லயத்து ஆச்சியைப் பற்றிக் கதைத்தார். ஹேவாஹெட்டயில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர எங்கள் மலையில்தான். அங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் இந்தக் கடலைத் தாண்டி வந்தவர்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய் ராமானுஜம் கப்பலில் ஏறியவர்களும் அவர்கள்தான். ஆச்சியின் அக்கா அப்படிப் போனவர். கடிதம் சில வருஷம் வந்து பிறகு நின்றது. நாங்கள் போகிறோம் என்று கேள்விப்பட்டு ஆச்சி வந்து நின்றார். நாகப்பட்டினம் எங்கே, அக்கா போன நீலகிரி எங்கே என்று வரைபடத்தில் காட்டினோம். "அப்ப நீங்க அந்தப் பக்கம் போகமாட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

நாகப்பட்டினத்தில் இறங்கிக் குடிவரவு, சுங்கம் முடிய இருட்டிவிடும். அதனால் நாகூரில் அறையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கீழ்த் தளத்தில். அஞ்சாறு கிலோமீற்றர்தான், ஓட்டோ கிடைக்கும். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கட் எடுக்கும்போதே சொல்லுங்கள். ஏறுமிடத்தில் வந்து கேட்டால் எல்லாருக்கும் தடுமாற்றம்.

தர்காவுக்கு அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு போனோம். கூட்டம் இல்லாத நேரம். ஐந்து மினாரா. பெரிய மினாரா 131 அடி, தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. வாசலில் பொட்டு வைத்த பெண்களும் குழந்தைகளோடு நின்றார்கள். கடைகளில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண், வீடு, கப்பல் எல்லாம் வெட்டி விற்கிறார்கள். யாருக்கு எது சுகமாக வேண்டுமோ அதை வாங்கிக் காணிக்கை கொடுப்பது அங்கே வழக்கம். உம்மா குழந்தை உருவம் ஒன்று எடுத்தார். 22 வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்த மாதிரி ஒரு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டையும் கொண்டு வந்திருந்தார், இலங்கைக் காசு. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேர்ச்சையில் நம்பிக்கை இல்லாத எங்களில் ஒருவர்தான் இந்தியக் காசை எடுத்துக் கொடுத்தது.

உம்மா உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார் என்று நாங்கள் மணி பார்க்கவில்லை. வெளியே வந்து புறாக்களுக்குத் தானியம் போட்டார். பிறகு பசிக்கிறது என்றார். நாகூர் வாடா சாப்பிட்டோம். ஊருக்குக் கொண்டுவர தம்ரூட் வாங்கினோம். மூன்று நாள் தாங்கும் என்றார்கள், எங்கள் வீட்டில் ஒரு நாள் தாங்கியது.

இப்போது அந்த இரண்டு நாள் விஷயம். நாங்கள் திரும்ப வேண்டிய நாளில் காற்றுப் போட்டது. அன்று கப்பல் இல்லை, அடுத்த நாள் என்று செய்தி வந்தது. எங்களோடு வந்த ஒரு குடும்பம் அன்றிரவே கொழும்பில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள். அவர்கள் பட்ட பாடு சொல்ல முடியாது. எங்களுக்கு லீவுப் படிவத்தில் இரண்டு நாள் மிச்சம், உம்மாவின் பிரஷர்க் குளிசையும் ஒரு வாரத்துக்கு மேலதிகமாகக் கையில். அதனால் இன்னொரு நாள் நாகூரில் இருந்தோம். மேலதிகமாகக் கொண்டு போக வேண்டியவை இந்த மூன்றுதான்: நாள், மருந்து, ஒரு இரவுக்கான காசு. திரும்பி வந்த அன்றே கண்டிக்குப் பஸ் டிக்கட் போட்டு வைக்காதீர்கள்.

உம்மா இப்போது நலம், அல்ஹம்துலில்லாஹ். முழங்கால் அப்படியேதான். லயத்து ஆச்சிக்கு ஒரு பெட்டி தம்ரூட் தனியாக ஒளித்து வைத்திருந்தது வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

வேறு ஏதும் கேட்க இருந்தால் கேளுங்கள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிறோம், இரவு ஒன்பதுக்குப் பிறகு பதில் போடுகிறோம். செப்டம்பர் கடைசியில் போக இருப்பவர்கள் படிவத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள்.